கோரேசும் சைரஸும்: ஒரு மன்னன், இரு தெய்வங்கள்

தமிழில் விவிலியம் படித்தோர் கோரேசு என்னும் மன்னனை அறிவர். உலக வரலாறு படித்தோர் சைரஸ் என்னும் பேரரசனை அறிவர். இருவரும் ஒருவரே என்பது பலருக்கும் உடனே தோன்றுவதில்லை. பழம்பாரசீகத்தில் கூருஷ் என வழங்கிய பெயர் எபிரேயத்தில் கோரெஷ் ஆயிற்று. அதுவே நம் பழைய மொழிபெயர்ப்பில் கோரேசாக வந்து சேர்ந்தது. கிரேக்க வழியே சென்ற அதே பெயர் சைரஸ் என நின்றது. எஸ்தர் நூலின் அகாஸ்வேருவும் கிரேக்கர்மீது படையெடுத்த செர்க்சஸும் இவ்வாறே ஒரே பெயரின் இரு திரிபுகள். அந்நூலின் தொடக்கத்தில் அவன் ஆட்சிக்கு ஒரு கோடி எல்லையாகச் சொல்லப்படும் ஹோது, பாரசீகர் சிந்துவெளிக்கு இட்ட ஹிந்துஷ் என்ற பெயரின் எபிரேய வடிவமே.

பெயர்ச் சிக்கல் எளிதில் தீர்ந்துவிடுகிறது. ஆனால் வேறொரு வினா அவ்வளவு எளிதன்று. சைரஸைப் பற்றி யூத மறைநூல் சொல்வதும், அவன் பெயரால் களிமண்ணில் எழுதப்பட்டதும் நமக்குக் கிடைத்துள்ளன. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் எதை நம்புவது?

பின்னணியைச் சுருக்கமாகக் காண்போம். கி.மு. 597-இல் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்து, இளம் மன்னன் யோயாக்கீனைச் சிறைகொண்டு சென்றான். அம்மன்னனுக்கும் அவன் புதல்வர் ஐவருக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு பாபிலோன் அரண்மனையின் களிமண் பலகைகளிலேயே கிடைத்துள்ளது. பத்தாண்டுகள் கழித்து நகரமும் ஆலயமும் அழிக்கப்பட்டன. ஆலயம் இல்லை, அரசன் இல்லை, நிலம் இல்லை. இத்தகைய நிலையில் மக்கள் கூட்டங்கள் பல வரலாற்றில் கரைந்துபோயிருக்கின்றன. யூதர்கள் கரையவில்லை. அதற்கான காரணங்களுள் ஒன்று கி.மு. 539-இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் பாபிலோன் சைரஸின் கைக்கு வந்தது.

அவ்வெற்றியைப் பற்றிப் பாபிலோனில் எழுதப்பட்ட களிமண் உருளை ஒன்று 1879-இல் ஹோர்முஸ்த் ரஸ்ஸாமின் அகழ்வாய்வில் வெளிப்பட்டது. ஒரு சாணுக்குச் சற்றே கூடிய நீளம்; அதில் ஆப்பெழுத்தில் பொறித்த அக்காடிய வரிகள். இன்று அது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் செய்தி இதுதான்: பாபிலோனின் கடைசி அரசன் நபோனிதஸ் நகரின் பெருந்தெய்வமான மர்துக்கின் வழிபாட்டைக் கெடுத்தான். சினம் கொண்ட மர்துக் நல்லரசன் ஒருவனை நாடெங்கும் தேடி, சைரஸின் கையைப் பற்றி, பெயர் சொல்லி அழைத்து, உலகை ஆளும்படி பணித்தான். போரின்றி நகரம் திறந்தது. இடம்பெயர்க்கப்பட்ட தெய்வங்களைச் சைரஸ் தத்தம் கோயில்களுக்கே திருப்பி அனுப்பினான்; அவற்றின் மக்களையும் ஊர் சேர்த்தான்.

இனி ஏசாயா நூலைத் திறப்போம். அதன் நாற்பதாம் அதிகாரம் முதலான பகுதி பாபிலோன் சிறையிருப்பின் இறுதிக்காலத்தில் வாழ்ந்த பெயரறியாத் தீர்க்கதரிசி ஒருவருடையது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அங்கே யாவே சைரஸைத் தம் மேய்ப்பன் என்கிறார். அவன் கையைப் பிடித்து, பெயர் சொல்லி அழைக்கிறார். அவனுக்கு முன் வாயில்களைத் திறக்கிறார். அதற்கும் மேலாக, மஷியா, அதாவது அபிஷேகம் பெற்றவன் என்ற பட்டத்தையே அவனுக்கு அளிக்கிறார். தாவீதின் மரபுக்கு உரிய இப்பட்டத்தை எபிரேய மறையில் பெற்ற ஒரே அயல்நாட்டு மன்னன் இவன்தான்.

கையைப் பற்றுதல், பெயர் சொல்லி அழைத்தல், வாயில் திறத்தல். தெய்வத்தின் பெயரை மட்டும் மாற்றினால் களிமண் உருளையும் ஏசாயாவும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகின்றன. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினர் என்று கொள்ள வேண்டியதில்லை. அரசனைத் தெய்வம் தேர்ந்தெடுக்கும் விதத்தைச் சொல்ல மெசொப்பொத்தேமியாவில் நெடுங்காலமாக ஒரு நடை இருந்தது. இரு தரப்பினரும் அந்நடையில் தோய்ந்தவர்கள். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மர்துக்கின் ஆசாரியர்கள் கோயிலும் செல்வமும் உடையவர்கள். வென்றவனை வாழ்த்தித் தம் இடத்தைக் காத்துக்கொண்டார்கள். யூதத் தீர்க்கதரிசியோ கோயில் இல்லாத தெய்வத்தின் சார்பில், தன்னை அறியாத ஒரு மன்னனை அத்தெய்வத்தின் ஊழியன் என்கிறார். சைரஸ் யாவேயை அறியான் என்பதை அவரே வெளிப்படையாகச் சொல்லியும் விடுகிறார். அத்துணிவை வியக்காமல் இருக்க முடியவில்லை.

சைரஸின் ஆணை எஸ்றா நூலில் இருமுறை வருகிறது. முதல் அதிகாரத்தில் எபிரேய மொழியில் வருவது அறிக்கை போன்றது. அதில் சைரஸ் யாவேயின் பக்தன்போலப் பேசுகிறான். ஆறாம் அதிகாரத்தில் அரமேய மொழியில் வருவதோ அலுவலகக் குறிப்பு. ஆலயத்தின் உயரமும் அகலமும் அறுபது முழம். கல் வரிசை இத்தனை, மர வரிசை இத்தனை. செலவு அரசனின் கருவூலத்திலிருந்து. நேபுகாத்நேச்சார் கொண்டுபோன பாத்திரங்கள் திரும்பத் தரப்பட வேண்டும். பக்தி ஒரு சொல்லும் இல்லை. இதனாலேயே வரலாற்றாசிரியர் பலர் இரண்டாவதைக் கூடுதலாக நம்புகின்றனர்.

அக்குறிப்பு கிடைத்த கதையும் சுவையானது. ஆலயப்பணி தடைப்பட்டு, தரியுவின் இரண்டாம் ஆண்டில், அதாவது கி.மு. 520-இல், மீண்டும் தொடங்கியது. நதிக்கு மேற்கிலிருந்த மாகாணத்தின் ஆளுநர் தத்னாய் வந்து, யார் அனுமதித்தது என்று கேட்டு மேலிடத்துக்கு எழுதினான். ஆவணத்தைப் பாபிலோனில் தேடினர். கடைசியில் மேதியரின் எக்பத்தானாவில் அகப்பட்டது. அந்தத் தத்னாயின் பெயர் கி.மு. 502-ஆம் ஆண்டுக்குரிய பாபிலோனியப் பலகை ஒன்றில் ஆளுநர் பதவியோடு வருகிறது. கோப்பு தேடிக் களைக்கும் அரசு இயந்திரம் அன்றும் இருந்தது! கி.மு. 515-இல் ஆலயம் நிறைவுற்றது.

இனி மறுபக்கம். 1971-இல் ஈரான் மன்னர் ஷா முகமது ரெசா பஹ்லவி பாரசீக முடியாட்சியின் 2500-ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாடியபோது, இவ்வுருளை உலகின் முதல் மனித உரிமைச் சாசனம் எனப் போற்றப்பட்டது. அதன் படி ஒன்று ஐக்கிய நாடுகள் அவைக்கும் பரிசளிக்கப்பட்டது. மூலத்தைப் படித்தோர் இதை ஏற்பதில்லை. அதில் உரிமை என்ற பேச்சே கிடையாது. யூதர், எருசலேம் என்ற பெயர்களும் இல்லை. திருப்பி அனுப்பப்பட்ட தெய்வங்களின் ஊர்கள் மெசொப்பொத்தேமியாவையும் அதன் கிழக்கையும் சேர்ந்தவை. போரின்றி வென்றேன் என்பதும் முழு உண்மையன்று. நபோனிதஸ் காலத்து நாளாகமம், பாபிலோன் விழுவதற்குச் சில நாள் முன்பு ஓபிஸ் நகரருகே போர் நடந்ததையும் படுகொலை நிகழ்ந்ததையும் பதிவு செய்கிறது.

அப்படியானால் யூத மறை ஏமாந்ததா? இல்லை என்றே நமக்குப் படுகிறது. ஏனெனில் அதே மறைக்குள் நெகேமியா நூலும் இருக்கிறது. அரசனுக்கு வரி கட்டுவதற்காக வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் அடகு வைத்துக் கடன் வாங்கிய குடியானவர்களின் ஓலம் அதன் ஐந்தாம் அதிகாரத்தில் கேட்கிறது. பெற்ற பிள்ளைகளையே அடிமைகளாக்க நேர்ந்ததென அவர்கள் முறையிடுகின்றனர். ஒன்பதாம் அதிகாரத்தின் மன்றாட்டு இன்னும் வெளிப்படையானது: முன்னோருக்குத் தந்த நாட்டிலேயே நாங்கள் அடிமைகள், இதன் விளைச்சல் எங்களை ஆளும் மன்னர்களுக்கே போகிறது என்பது அதன் சாரம். அபிஷேகம் பெற்றவன் நிறுவிய அதே பேரரசைப் பற்றிய பேச்சு இது. வாழ்த்தையும் முறையீட்டையும் ஒரே தொகுப்பில் காத்தார்கள். ஒன்றுக்காக மற்றொன்றை அழிக்கவில்லை.

எல்லோரும் திரும்பிவிடவும் இல்லை. பாபிலோனியப் புறத்தே அல்-யாகூது, அதாவது யூதா நகர், என்ற ஊரில் குடியிருந்தோரின் குத்தகை, கடன், வரி ஆவணங்கள் சைரஸ் பாபிலோனை வென்ற பின்னும் சுமார் அறுபதாண்டுகள் தொடர்கின்றன. எகிப்தின் தென்னெல்லையில் எலிபன்டைன் தீவில் பாரசீகர் படையில் பணிபுரிந்த யூதர்கள் தமக்கென ஓர் ஆலயமே வைத்திருந்தார்கள். கி.மு. 410-இல் அண்டையிலிருந்த க்னூம் கோயில் ஆசாரியர்கள், உள்ளூர்ப் பாரசீக அதிகாரி விதரங்காவின் துணையோடு அதை இடித்தனர். மூன்றாண்டுகள் கழித்து அவர்கள் யூதேயா ஆளுநருக்கு எழுதிய விண்ணப்பத்தின் படி பாப்பிரசில் கிடைத்துள்ளது. சாக்குடை அணிந்து நோன்பிருந்ததையும், எருசலேம் தலைமை ஆசாரியர் தம் முந்திய கடிதத்துக்கு மறுமொழி தராததையும் அதில் சொல்கிறார்கள். நெகேமியாவின் எதிரியாக மறையில் வரும் சன்பல்லாத்தின் மக்களுக்கும் எழுதியதாகக் குறிப்பு உண்டு. கிடைத்த விடையோ தானியப் படையலுக்கும் தூபத்துக்கும் மட்டும் இசைவு தந்தது. மிருக பலி பற்றி அதில் பேச்சில்லை. மறைநூலில் இடம்பெறாத இம்மனிதர்களும் பாரசீகரின் பரிவை நம்பி வாழ்ந்தவர்களே. அப்பரிவுக்கு ஊருக்கு ஓர் அளவு இருந்தது.

கி.மு. 330-இல் பாரசீகப் பேரரசு மறைந்தது. ஆப்பெழுத்தைப் படிப்போரும் காலப்போக்கில் அற்றுப்போயினர். மர்துக் தேர்ந்தெடுத்த சைரஸ் சுமார் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தான். யாவே தேர்ந்தெடுத்த சைரஸோ எல்லாத் தலைமுறையிலும் படிக்கப்பட்டான். யூதர் வழக்கில் எபிரேய மறையின் வரிசை நாளாகமத்தோடு முடிகிறது. அந்நாளாகமமோ சைரஸின் ஆணையோடு முடிகிறது. ஒரு சிறு மக்கள் கூட்டம் தன் மறையின் கடைசிச் சொல்லை ஓர் அயல்நாட்டு மன்னனின் வாயில் வைத்திருக்கிறது. பேரரசன் அவர்களுக்கு ஓர் ஆலயம் கட்ட இசைவு தந்தான். அவர்கள் அவனுக்கு நினைவைத் தந்தார்கள். இருவரில் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று இன்று நம்மால் எளிதில் சொல்லிவிட முடிவதில்லை.