அட்ரஸ் தெரிந்தால் உள்ளே வா!

1999-ம் வருடம், ஜூன் மாதம். சிட்னி நகரத்துக்கு ஒலிம்பிக் ஜுரம். போட்டிகளுக்கு இன்னும் 15 மாதங்கள்தான். அந்த நேரம் பார்த்து, ஆஸ்திரேலியாவின் மனித உரிமை ஆணையத்தில் ஒரு புகார் வந்து விழுந்தது. கொடுத்தவர் புரூஸ் மக்வயர். பார்வையற்றவர். ஒலிம்பிக் கமிட்டியின் வெப்சைட்டைத் தன்னால் பயன்படுத்த முடியவில்லை என்றார்.

'கண் தெரியாதவருக்கு வெப்சைட் எதற்கு?' என்று உங்களுக்குத் தோன்றலாம். அன்றைக்குப் பல பேருக்குத் தோன்றியிருக்கும். ஆனால், பார்வையற்றவர்கள் அதற்கு முன்பிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1980-களிலேயே ஐ.பி.எம். கம்பெனியில் ஜிம் தாட்சர் என்பவர், பார்வையில்லாத தன் குரு ஜெஸ்ஸி ரைட்டுடன் சேர்ந்து, திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருளை உருவாக்கியிருந்தார். பெயர், ஸ்கிரீன் ரீடர். அந்த ஜாதி மென்பொருள் எல்லாவற்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

அப்போது திரையில் வெறும் எழுத்துகள்தான். வாசிப்பது சுலபம். பிறகு படங்கள் வந்தன, பட்டன்கள் வந்தன, வெப்சைட்டுகள் வந்தன. வம்பும் வந்தது.

ஒரு வெப்பக்கத்தைத் திறந்தால் உங்கள் கண் என்ன செய்கிறது? மேலே ஒரு தாவல், ஓரத்தில் ஒரு நோட்டம், வேண்டியதைப் பிடித்துவிடுகிறது. காதுக்கு அந்த வசதி கிடையாது. அது க்யூவில் நிற்கும். ஸ்கிரீன் ரீடர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் கேட்கவேண்டும். நடுவே ஒரு படம் வந்தால், 'இது நீச்சல் போட்டிக்கான லிங்க்' என்று அதன் பின்னால் யாராவது ஒரு வரி எழுதிவைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் 'படம்' என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அட்டவணை இன்னும் மோசம். எந்த எண் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று குறித்துவைக்காவிட்டால் காதில் விழுவது வெறும் எண் மழை.

மக்வயர் கேட்டது மூன்றே விஷயங்கள். படங்களுக்கு விளக்க வரி வேண்டும். நிகழ்ச்சி நிரல் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக வழி வேண்டும். போட்டி முடிவுகளின் அட்டவணை புரியவேண்டும். அவ்வளவுதான்.

கமிட்டி சளைக்கவில்லை. 'அந்த லிங்க் இல்லாவிட்டால் என்ன, ஒவ்வொரு விளையாட்டுப் பக்கத்தின் முகவரியையும் நேரடியாக டைப் அடித்து உள்ளே போகலாமே' என்றது. எப்படி இருக்கிறது கதை! கல்யாண மண்டபத்தின் வாசலைப் பூட்டிவிட்டு, 'ஒவ்வொரு அறைக்கும் பின்பக்கம் தனித்தனிக் கதவு இருக்கிறது, தேடிக்கொள்' என்று விருந்தாளியிடம் சொல்வதுபோல.

அடுத்தது செலவுக் கணக்கு. எல்லாவற்றையும் சரிசெய்ய 22 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் ஆகும், ஒரே ஆள் செய்தால் 368 வேலைநாள் பிடிக்கும் என்றார்கள். மக்வயர் தரப்பு நிபுணர்கள் இதை ஏற்கவில்லை. விஷயம் தெரிந்த ஒரு சின்னக் குழு, சில வாரங்களில் முடித்துவிடும் என்றார்கள். கவனியுங்கள், அந்த வெப்சைட்டை உருவாக்கிக் கொடுத்தது வேறு யாருமில்லை. அதே ஐ.பி.எம்.!

எப்படிச் செய்வது என்று தெரியாது என்றும் சொல்ல முடியாது. புகாருக்கு ஒரு மாதம் முன்பு, 1999 மே மாதம்தான், வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதற்கான விதிமுறைகளை வெளியிட்டிருந்தது.

விசாரணை முடிந்து 2000 ஆகஸ்ட் 24 அன்று ஆணையத்தின் வில்லியம் கார்ட்டர் தீர்ப்பளித்தார். இது பாரபட்சம்தான், செப்டம்பர் 15-க்குள் சரிசெய்ய வேண்டும் என்றார். செப்டம்பர் 15 என்பது ஒலிம்பிக் தொடக்க நாள். கமிட்டி அரைகுறையாக ஏதோ செய்தது. அக்டோபர் 1-ல் போட்டிகளே முடிந்துவிட்டன. நவம்பரில் கமிட்டிக்கு 20,000 டாலர் விதித்தார்கள். 22 லட்சம் எங்கே, 20,000 எங்கே!

மக்வயர் ஜெயித்தார். ஆனால் அவர் கேட்டது பணத்தையா? எந்தப் போட்டி என்றைக்கு, யார் ஜெயித்தார்கள் என்பதை, மற்றவர்களைப்போல தானே தெரிந்துகொள்ளும் வசதியை. அது கடைசிவரை முழுசாகக் கிடைக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஆரம்பத்திலேயே பார்வையற்ற ஒருவரை உட்காரவைத்து, 'நீச்சல் பக்கத்துக்குப் போங்கள் சார்' என்று சொல்லியிருந்தால், அரைமணி நேரத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும். கட்டி முடித்த வீட்டில் வாசல் வைக்க வேண்டுமென்றால் சுவரை இடிக்கத்தான் வேண்டும். செலவு வாசலுக்கா, இடிப்பதற்கா?

அதே ஆஸ்திரேலியாவில் 2006-ல், மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர், என்.வி.டி.ஏ. என்றொரு ஸ்கிரீன் ரீடரை எழுத ஆரம்பித்தார். இன்றைக்கும் இலவசம். தமிழும் பேசும். ஒரு பக்கத்தில் தலைப்புகளை ஒழுங்காகக் குறித்துவைத்திருந்தால், ஹெச் என்ற ஒரே எழுத்தைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். காதும் கண்போலத் தாவும். வெப்சைட் செய்தவர் ஒத்துழைக்க வேண்டும், அவ்வளவே.

நீங்களே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். மவுஸை ஓரமாக வையுங்கள். டாப் கீயை மட்டும் தட்டித் தட்டி, ஏதாவது ஒரு வெப்சைட்டில் ரயில் டிக்கெட்டோ, பரீட்சை விண்ணப்பமோ இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருங்கள். கண் திறந்திருக்கும்போதே எத்தனை இடத்தில் முட்டிக்கொள்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மக்வயர் எதற்காக ஆணையத்தின் படியேறினார் என்பது அப்போது புரியும்.