பிரித்தானியாவில் சாலைப் பாதுகாப்பு: சட்ட அமலாக்கமும் ஓட்டுநர் கல்வியும்

1934 ஆம் ஆண்டில் பெரிய பிரித்தானியாவின் சாலைகளில் ஏறத்தாழ 24 இலட்சம் வாகனங்கள் ஓடின. அவ்வாண்டு சாலை விபத்துகளில் 7,343 பேர் இறந்தனர். 2023 இல் வாகனங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 4 கோடி; இறந்தோர் 1,624 பேர். நல்ல சாலைகள், உறுதியான வாகனங்கள், விரைவான மருத்துவ உதவி எனப் பல காரணங்கள் இதற்கு உண்டு. ஓட்டுநருக்கு முறையாகக் கற்பித்ததும், விதியை மீறுவோர் பிடிபடும் நிலையை உருவாக்கியதும் அவற்றுள் முக்கியமானவை. இவ்விரண்டும் ஒன்றுசேர அந்நாட்டிற்கு நீண்ட காலம் பிடித்தது.

தேர்வு இல்லாத உரிமம்

1903 ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் வாகனப் பதிவையும் ஓட்டுநர் உரிமத்தையும் கட்டாயமாக்கியது. வேக வரம்பு மணிக்கு 20 மைல், அதாவது சுமார் 32 கிலோமீட்டர். ஆனால் உரிமம் பெற எந்தத் தேர்வும் இல்லை. 5 சில்லிங் செலுத்தினால் போதும். வேக வரம்பையும் பெரும்பாலோர் மதிக்கவில்லை. யாரும் பின்பற்றாத விதி சட்டத்தின் மீதான மதிப்பையே கெடுக்கிறது என்ற வாதம் வலுத்தது. இதனால் 1930 ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கார்களுக்கான வேக வரம்பை நீக்கிவிட்டது. அதே சட்டத்தின்படி 1931 இல் சாலை விதிகளை எளிய முறையில் விளக்கும் அரசுக் கையேடு வெளியானது. அதன் விலை ஒரு பென்னி. அறிவுரை கிடைத்தது, அதை ஓட்டுநர் படித்தாரா என்று பார்க்க வழியில்லை.

1935: ஓட்டுநர் தேர்வு

உயிரிழப்புகள் குறையாததால் 1934 இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் லெஸ்லி ஹோர்-பெலிஷா. 1935 மார்ச்சில் குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 மைல் என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது. 1935 ஜூன் 1 முதல் புதிய ஓட்டுநர்களுக்குத் தேர்வு கட்டாயமானது. இன்று நம் ஊர்களிலும் காணப்படும் 'எல்' பலகை அங்கு அக்காலத்தில் அறிமுகமானதே. 1935 இல் இறந்தோர் எண்ணிக்கை 6,502 ஆகக் குறைந்தது. எனினும் 1934 ஏப்ரல் 1க்கு முன்பே ஓட்டத் தொடங்கியவர்களுக்குத் தேர்விலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது தேர்வுகள் நிறுத்தப்பட்டன. வான்வழித் தாக்குதலுக்கு அஞ்சித் தெருவிளக்குகள் அணைக்கப்பட்டன. வாகன விளக்குகளும் மறைக்கப்பட்டன. 1941 இல் 9,169 பேர் இறந்தனர். அந்நாட்டின் வரலாற்றில் மிக அதிகமான எண்ணிக்கை இதுவே. தேர்வுகள் 1946 நவம்பரில் மீண்டும் தொடங்கின.

1967: மூச்சுப் பரிசோதனை

குடித்துவிட்டு ஓட்டுவது முன்பே குற்றம்தான். ஆனால் ஒருவர் போதையில் இருந்தாரா என்பது காவலர், மருத்துவர் ஆகியோரின் கணிப்பைச் சார்ந்திருந்தது. நீதிமன்றத்தில் அதை மறுப்பது எளிது. 1967 ஆம் ஆண்டின் சாலைப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஓர் அளவுகோலைத் தந்தது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். சாலையோரத்திலேயே மூச்சைப் பரிசோதிக்கும் அதிகாரம் காவலருக்குக் கிடைத்தது. இதைக் கொண்டுவந்த அமைச்சர் பார்பரா காசில் வாகனம் ஓட்டத் தெரியாதவர் என்பதால் கேலிக்கு உள்ளானார். மிரட்டல் கடிதங்களும் வந்தன. 1966 இல் 7,985 ஆக இருந்த உயிரிழப்பு 1968 இல் 6,810 ஆகக் குறைந்தது.

1983: இருக்கைப் பட்டை

1970களில் இருக்கைப் பட்டை அணியுமாறு தொலைக்காட்சியில் ஆண்டுக்கணக்கில் விளம்பரம் செய்யப்பட்டது. ஆனாலும் முன்னிருக்கையில் இருந்தோரில் பாதிப்பேர் கூட அணியவில்லை. 1983 ஜனவரி 31 முதல் சட்டம் அதைக் கட்டாயமாக்கியதும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அணியத் தொடங்கினர். இத்தனை விரைவாகச் சட்டம் ஏற்கப்பட்டதற்கு முந்தைய பிரசாரமும் உதவியது. பட்டை ஏன் தேவை என்பதை மக்கள் முன்பே அறிந்திருந்தனர்.

தண்டனையோடு கல்வி

பின்னர் வந்த சீர்திருத்தங்கள் இரண்டையும் இணைத்தன. 1996 இல் தனி எழுத்துத் தேர்வும், 2002 இல் ஆபத்தை முன்கூட்டியே உணரும் திறனைக் காணொளி மூலம் சோதிக்கும் தேர்வும் வந்தன. 1997 முதல், உரிமம் பெற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு தண்டனைப் புள்ளிகள் பெறும் புதிய ஓட்டுநர் தம் உரிமத்தை இழப்பார். மீண்டும் கற்றுத் தேர்வில் வெல்ல வேண்டும். சிறிய அளவில் வேக வரம்பை மீறியோருக்கு அபராதத்திற்குப் பதிலாகப் பயிற்சி வகுப்பில் சேரும் வாய்ப்பும் தரப்படுகிறது.

வரலாறு தரும் பாடம்

1903 இன் வேக வரம்பு, கண்காணிப்பு இல்லாததால் மதிப்பிழந்தது. 1970களின் விளம்பரங்கள், சட்டத்தின் துணை இல்லாததால் பாதி வழியில் நின்றன. தேர்வில் கற்றதைச் சாலையில் ஒருவர் சரிபார்க்கிறார் என்ற நிலை வந்த பிறகே ஓட்டுநரின் பழக்கம் மாறியது. உரிமத்தைச் சடங்காக வழங்கி, சோதனையைச் சில நாள் மட்டும் நடத்தும் எந்த நாட்டிற்கும் இது பொருந்தும்.