உரைகல் முதல் எண்திரை வரை: உலோகம் அறியும் அளவிகளும் புதுச்சேரி மண்ணும்

மண்ணுக்குள் கிடக்கும் உலோகம் இன்னதென்று தோண்டாமலே சொல்லும் அளவி, மெட்டல் டிடெக்டரில் பிற்காலத்தில் ஒட்டவைத்த ஒரு வசதி என்றே பலர் கருதுகிறார்கள். வரலாறு நேர்மாறாக இருக்கிறது. உலோகத்தை இனம் பிரிக்கும் அளவி முதலில் வந்தது. புதைந்ததைத் தேடும் கருவி அதிலிருந்துதான் கிளைத்தது. இந்த வரிசையை மறந்ததால்தான் இன்றைய கருவிகளின் திரையில் தோன்றும் எண்ணுக்கு அதன் தகுதிக்கு மீறிய மதிப்பு கிடைக்கிறது. அந்த அளவிகள் வளர்ந்த கதையை இக்கட்டுரை பின்தொடர்கிறது. புதுச்சேரி போன்ற ஊரின் மண்ணில் அவை எந்த அளவுக்குச் செல்லும் என்றும் பார்க்கிறது.

தமிழகத்தில் இந்தக் கலைக்கு வயது அதிகம். சங்கப் புலவர்களுள் ஒருவர் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார். வண்ணக்கன் என்றால் நாணயம் சோதிப்பவன். புகளூர் மலைக் குகையின் தமிழி எழுத்துகளில் கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவன் இடம்பெறுகிறான். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலக் கல்வெட்டுகள், கோயிலுக்குக் கொடுத்த பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்ததாகவும், நகைகளைத் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லால் நிறுத்ததாகவும் பிரித்துப் பதிகின்றன. எடைக்குக் கல் என்றால் மாற்றுக்கு உரைகல். கருங்கல்லில் பொன்னை இழுத்தால் ஒரு கோடு விழும். அதன் பக்கத்தில், மாற்று ஏற்கெனவே தெரிந்த ஆணியால் இன்னொரு கோடு. இரண்டின் நிறத்தையும் பத்தர் கண் ஒப்பிடும். சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டு அமிலம். எந்தக் கோடு முதலில் கரைகிறது என்று பார்ப்பார்கள். கல் தானாக எதுவும் சொல்வதில்லை, பக்கத்துக் கோடு இருந்தால்தான் அதற்குப் பேச்சு. பிறகு வந்த எல்லா அளவிகளுக்கும் இதே விதிதான்.

புதுச்சேரிக்கு நாணயச் சோதனை அன்றாட வேலையாக இருந்த காலம் உண்டு. 1736இல் ஆளுநர் துய்மா காலத்தில், ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலிகானிடமிருந்து ரூபாய் அச்சடிக்கும் உரிமையைப் பிரெஞ்சுக்காரர்கள் பெற்றார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தொடங்குவதும் அதே ஆண்டில்தான். கப்பலில் வந்த வெள்ளி, ஊரின் அக்கசாலையில் உருகிப் பிறைக்குறி தாங்கிய ரூபாயாக வெளிவந்தது. சில்லறைக்குப் பணம் எனப்பட்ட சிறு வெள்ளிக்காசு இருந்தது. தடித்த செப்புத் துட்டுகளும் இருந்தன. ஒரு பக்கம் பிரெஞ்சு அரசரின் அல்லி மலர், மறுபக்கம் தமிழெழுத்தில் 'புதுச்சேரி' என்று ஊர்ப்பெயர். இந்தக் காசுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

லண்டனில் 1879

டேவிட் எட்வர்ட் ஹியூஸ் என்ற ஆய்வாளர் 1879இல் தூண்டல் சமனி ஒன்றை வெளியிட்டார். இரண்டு ஜோடி கம்பிச்சுருள்கள், ஒரு மின்கலம், கடிகார ஒலியை மின்துடிப்பாக்கும் ஒரு மைக்ரோபோன், கேட்க ஒரு தொலைபேசி. இரண்டு பக்கமும் சமனாக இருந்தால் தொலைபேசியில் ஒலி இல்லை. ஒரு பக்கச் சுருளுக்குள் நாணயம் ஒன்றை வைத்ததும் டிக் டிக் என்று கேட்கத் தொடங்கும். மறுபக்கத்தில் அதே வகை நாணயத்தை வைத்தால் மீண்டும் அமைதி. கள்ளக்காசை வைத்தால் அமைதி திரும்பாது. தேய்ந்த காசுக்கும் புதுக் காசுக்கும் இடையிலான வேறுபாடுகூடக் காதில் விழும். சமனின்மையை அளக்க ஹியூஸ் மில்லிமீட்டர் கோலும் சேர்த்தார். ஒரே அளவான வட்டத் தகடுகளை வைத்து உலோகங்களை அவர் வரிசைப்படுத்தியபோது வெள்ளி உச்சியில் நின்றது, ஈயம் வெகு கீழே போனது. லண்டன் அரச அக்கசாலையின் வேதியியலாளர் சாண்ட்லர் ராபர்ட்ஸ் உலோகக் கலவைகளை இதில் சோதித்தார். உலோகத்தை எண்ணாகக் காட்டும் அளவி இங்கே பிறந்தது. அதன் வேலை காசு சோதிப்பது, புதையல் தேடுவதல்ல.

'ஒரே அளவான' என்ற நிபந்தனையில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. தகடுகளின் விட்டமும் தடிமனும் ஒன்றாக இருந்ததால் வேறுபாடு உலோகத்தினுடையது என்று சொல்ல முடிந்தது. அளவு தெரியாத பொருளை வைத்தால் வேறுபாட்டுக்குக் காரணம் உலோகமா, உருவமா என்று பிரிக்க வழியில்லை.

இரண்டே ஆண்டில் இந்தச் சமனி மேசையை விட்டு இறங்கியது. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டைக் கண்டுபிடிக்க அலெக்சாண்டர் கிரகாம் பெல் தூண்டல் சமனியோடு வந்தார், முடியவில்லை. படுக்கையின் எஃகுச் சுருள்கள் ஒலியைக் குழப்பின. தலைமை மருத்துவர் உடலின் வலப்பக்கத்தை மட்டுமே தேடவிட்டார், குண்டு இடப்பக்கம் இருந்தது. செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்டு இறந்தார். பக்கத்திலுள்ள இரும்பு, தேடும் உலோகத்தை மறைத்துவிடும் என்ற பாடம் இத்துறைக்கு முதல் பெரிய சோதனையிலேயே கிடைத்துவிட்டது. இன்றும் அது தீரவில்லை.

அடுத்த அறுபது ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா சென்ற கெர்ஹார்ட் ஃபிஷர் தம் 'மெட்டலாஸ்கோப்'புக்கு 1937இல் காப்புரிமை பெற்றார். போலந்து அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி உருவாக்கிய கண்ணிவெடி உணரி 1942இல் எல் அலமைன் போரில் பயன்பட்டது. இவை எதுவும் உலோகத்தின் பெயரைச் சொல்லவில்லை. இருக்கிறதா, இல்லையா என்ற கேள்விக்கு மட்டுமே விடை தந்தன.

முள், எண், வரைபடம்

போருக்குப் பின் அமெரிக்காவில் நாணயம் தேடுவது பொழுதுபோக்கானது. தேடியவர்களின் தொல்லை ஆணியும் பாட்டில் மூடியும். 1970களில் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் இயங்கும் கருவிகள் பரவியபோது, திரும்பி வரும் அலையின் வலிமையோடு அதன் கட்ட விலகலையும் அளக்க முடிந்தது. சுருளின் காந்தப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்புகிறது. நல்ல கடத்தியில் அது மெதுவாக அடங்கும், மோசமான கடத்தியில் உடனே அடங்கும். அந்தக் கால தாமதம் கட்ட விலகலாகத் தெரியும். இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படுவதால் அதன் விலகல் வேறு திசையில் போகும். ஜார்ஜ் பெய்ன் என்ற பொறியாளர் 1980களின் தொடக்கத்தில் டெக்னெடிக்ஸ் கருவிகளில் இந்த விலகலை முள் நகரும் அளவியாக்கினார். முள் நிற்கும் இடத்தில் அமெரிக்கக் காசுகளின் பெயர்களே எழுதியிருந்தன.

பிறகு முள் போய் எண் வந்தது. 0 முதல் 99 வரை என்பது இன்று பலர் அறிந்த அளவுகோல்; ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் அந்த எண்ணின் பொருள் மாறும். ஒன்றில் 80 என்றால் இன்னொன்றிலும் 80 ஆக வேண்டியதில்லை. ஆஸ்திரேலிய நிறுவனமான மைன்லேப், 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்த எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஒற்றை எண்ணை இரண்டாகப் பிரித்து, இரும்புத்தன்மையை ஓர் அச்சிலும் கடத்துதிறனை மற்றோர் அச்சிலும் காட்டியது. என் கணிப்பில் முள்ளுக்குப் பின் நடந்த உண்மையான முன்னேற்றம் இது ஒன்றே. துருப்பிடித்த பெரிய இரும்பு, ஒற்றை எண் அளவியில் நல்ல வெள்ளிபோல் நடிக்கும். இரட்டை அச்சில் அந்த நடிப்பு பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் அனுப்பும் முறை, எண் நிலையாக நிற்க உதவியது. துடிப்புத் தூண்டல் கருவிகள் ஆழத்தில் வென்றன. அடையாளம் சொல்வதில் அவை ஏறக்குறைய ஊமை.

இப்போது புதுச்சேரிக் காசுகளுக்கு வருவோம். செம்பின் கடத்துதிறனை 100 என்று கொண்டால் வெள்ளிக்குச் சுமார் 105, தூய தங்கத்துக்கு 70, அலுமினியத்துக்கு 60க்குச் சற்று மேல், ஈயத்துக்கு 8. இந்தப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் வெள்ளிப் பணம் செப்புத் துட்டைவிட உயர்ந்த எண் காட்டும் என்பார். ஆனால் கருவி அளப்பது கடத்துதிறன், விட்டம், தடிமன் மூன்றும் கலந்த ஒரு விளைவு. பணம் சிறியது, மெல்லியது, கலப்பு வெள்ளி. துட்டு கட்டையானது. எனவே செம்பு வெள்ளியை முந்த இடமுண்டு. தங்கத்தில் குழப்பம் இன்னும் அதிகம். சிறிதளவு செம்பு கலந்தாலே தங்கத்தின் கடத்துதிறன் மளமளவெனச் சரியும். 22 கேரட் தோட்டின் எண், சிகரெட் பெட்டித் தாளின் எண்ணோடு ஒன்றாகிவிடலாம். அமெரிக்கக் காசுகளை ஆணியாக வைத்துச் செய்த அளவியில் புதுச்சேரிக் காசுக்கு இடமே இல்லை.

மண்ணும் சும்மா இருப்பதில்லை. கடற்கரையில் உப்பு நீர் நனைத்த மணலே மின்கடத்தியாகி, மெல்லிய தகடு போன்ற ஒலியைக் கொடுக்கும். ஊருக்கு வடமேற்கே செம்மண் மேடுகளில் இரும்பு ஆக்சைடு அதிகம். அங்கே ஆழத்திலுள்ள பொருளின் எண் இரும்புப் பக்கம் இழுக்கப்படும். நகருக்குள்ளோ வரலாறே தடை. 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துக் கோட்டையையும் வீடுகளையும் இடித்துத் தள்ளினார்கள். 1765க்குப் பின் ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் காலத்தில் அந்த இடிபாட்டின் மீதே ஊர் எழுந்தது. 1778இலும் 1793இலும் மறுபடி முற்றுகை. ஆணி, கீல், பீரங்கிக் குண்டின் சில்லு என்று பதினெட்டாம் நூற்றாண்டின் இரும்பு பரவிக் கிடக்கும் நிலத்தில், கார்ஃபீல்டின் படுக்கையில் பெல் பட்ட பாடுதான் நடக்கும்.

ஊருக்குத் தெற்கேயுள்ள தொல்லியல் தளமான அரிக்கமேட்டில் கேள்வி வேறு வகையானது. பதினெட்டாம் நூற்றாண்டில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் காண வந்த லெ ழான்தி இங்கே இடிபாடுகளைக் குறித்தார். 1930களில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் பொருள்களைத் திரட்டினார். 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கஸாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்தார்கள். இந்த இடம் புகழ்பெற்றது ரோமானிய மதுச்சாடிகளாலும், அரிட்டைன் மட்கலங்களாலும், உருளை வரிக் கோலமிட்ட தட்டுகளாலும், கண்ணாடி மணிகளாலும். இவற்றில் ஒன்றுக்கும் டிடெக்டர் ஒலிக்காது. ரோமானியக் காசுகள் குவியலாகக் கிடைத்தது வேறு ஊர்களில். 1898இல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் வெட்டுக்குறி பட்ட 501 பொற்காசுகள் கிடைத்தன. அரிக்கமேட்டில் ஒரு காசுக்காகக் குழி பறிப்பவர், கருவியின் காதுக்கு எட்டாத சான்றுகளையெல்லாம் கலைத்துவிட்டுப் போகிறார். மட்கலமும் மணியும் எந்த அடுக்கில் கிடந்தன என்பதுதான் அங்கே காலக்கணக்கு. குழி விழுந்தால் அந்தக் கணக்கு போயிற்று.

அடையாள அளவியை நம்பக்கூடாது என்று முடிவு கட்டியவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். இலங்கையின் வடக்கில், முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றியவர்களில் போரில் குடும்பத்தை இழந்த தமிழ்ப் பெண்கள் பலர். அவர்கள் வேலையில் 'இது வெறும் ஆணி' என்று திரை சொல்வதற்கு மதிப்பில்லை. ஒலி வந்தால் மண்டியிட்டு, பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சுரண்டி, கண்ணால் பார்த்த பிறகே நகர வேண்டும். தவறினால் காலோ உயிரோ போகும் இடத்தில் எண்ணை யாரும் கேட்பதில்லை.

தொல்லியலிலும் இதே ஒழுக்கம் பலன் தந்திருக்கிறது. 1984இல் அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் டிடெக்டர்களை வரிசையாக நடத்தி, கிடைத்த ஒவ்வொரு தோட்டாவின் இடத்தையும் வரைபடத்தில் குறித்தபோது போரின் போக்கே புதிதாகத் தெரிந்தது. அங்கே கருவி இடத்தைக் காட்டியது, பொருளை அறிந்தவர்கள் ஆய்வாளர்கள். 1992இல் இங்கிலாந்தின் ஹாக்ஸ்னில் தொலைந்த சுத்தியலைத் தேடியவர் கருவியில் ரோமானியப் பொன், வெள்ளிக் குவியல் சிக்கியது. அவர் முழுவதையும் தோண்டாமல் தகவல் சொன்னதால் பொருள்கள் கிடந்த ஒழுங்கோடு அகழப்பட்டன.

சட்டம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1819இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 716ஆம் பிரிவு, பிறர் நிலத்தில் தற்செயலாகக் கிடைத்த புதையலைக் கண்டவருக்குப் பாதி, நிலக்காரருக்குப் பாதி என்று பங்கிட்டது. பக்கத்துப் பிரிட்டிஷ் இந்தியாவில் 1878இன் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதைபொருளை ஆட்சியரிடம் தெரிவிக்கச் சொன்னது. இன்றைய நிலையில் 1958ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடங்களில் உரிமம் இன்றி அகழக்கூடாது. தொல்பொருள்களின் விற்பனையையும் ஏற்றுமதியையும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது.

புதுச்சேரியில் செய்யத்தக்க வேலை ஒன்று இருக்கிறது. அருங்காட்சியகத்தில் உள்ள பணம், துட்டு, ரூபாய், ஈயக்காசு ஆகியவற்றை நன்றாக இயங்கும் இரண்டு மூன்று கருவிகளின் கீழ் வைத்து, உலர்ந்த மணலிலும் நனைந்த மணலிலும் செம்மண்ணிலும் அவை காட்டும் எண்களைப் பட்டியலிட வேண்டும். இந்த ஊருக்கான ஆணி அதுதான். அது கையில் இருந்தால், கட்டடப் பணிக்கு முன் நிலத்தை ஆராயும் தொல்லியலாளர்களுக்கு அளவி சொல்வது ஓரளவு விளங்கும். அதுவரை வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதோ கிணறு தூர்வாரும்போதோ காசு கண்ணில் பட்டால், கழுவாதீர்கள், உரசிப் பார்க்காதீர்கள், சுற்றிலும் மேலும் தோண்டாதீர்கள். கிடந்த இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தகவல் சொல்லுங்கள்.