பக்கவாதம்

அர்ச்சுனா நதி அணைக்கட்டுள்ள ஆனைக்குட்டத்தில் ‘வாதம் அடிச்சிருச்சு’ என்பார்கள். ‘ஒரு பக்கம் கைகால் விழுந்திருச்சு’ என்றும் சொல்வதுண்டு. பக்கம் என்றால் உடலின் ஒரு புறம். ‘பக்ஷம்’ என்ற வடசொல்லோடு உறவுடையது. வாதமும் வடசொல்லே, காற்று என்று பொருள். சித்த மருத்துவத்தின் முக்குற்றங்களில் முதலாவது. திருக்குறளின் மருந்து அதிகாரம் சொல்லும் ‘வளி’ இதுதான். (பட்டிமன்ற வாதம் வேறு, அதன் வேர் பேச்சு.)

காற்றின் மேல் பழி போட்டாலும் நடப்பது வேறு. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது, அல்லது வெடிக்கிறது. வெடித்துக் கசிந்த ரத்தத்தை சி.டி. ஸ்கேன் உடனே காட்டிவிடும். புதிய, சிறிய அடைப்புக்கு எம்.ஆர்.ஐ. தேவை.

‘பக்கம்’ என்ற பாதிதான் நம்மை ஏமாற்றுகிறது. மூளையின் நடுவே தலாமஸ் என்ற பகுதியில் சிறு அடைப்பு விழுந்தால் கைகால் நன்றாகவே இருக்கலாம். நினைவு மட்டும் குழம்பலாம். வீட்டில் ‘வயசாயிருச்சு’ என்று விட்டுவிடுவார்கள். எம்.ஆர்.ஐ. படத்தில் அந்தப் புதிய அடைப்பு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ஆனால் படம் இடத்தைத்தான் சொல்லும். மறதியின் அளவை அறிய, எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டுத்தான் ஆகவேண்டும்.