தொன் என்னும் அளவை: கப்பற் பதிவும் வடபுலக் கடலோட்ட வரலாறும்

வவுனியா நகருக்கு அண்மையிலுள்ள நெளுக்குளம் கடலைக் காணாத ஊர். எனினும், கப்பல் அளவை பற்றிய இக்கட்டுரையை அங்கிருந்து தொடங்குவது பொருத்தமெனக் கருதுகின்றோம். வன்னிக் குளங்களின்கீழ் வயல் செய்தோர் தம் நிலத்தின் பரப்பை அதில் விதைக்கும் நெல்லின் அளவாற் குறித்தனர். ‘இத்தனை புசல் விதைப்பு’ என்பதே அவர்தம் கணக்கு. பின்னர் அளவைச் சங்கிலியுடன் வந்த அரசு அந்நிலத்தை ஏக்கராக எழுதியது. கடலிலும் இத்தகைய மாற்றமொன்று நிகழ்ந்தது. அதனை உணராது துறைமுகக் கணக்குகளைப் படிப்போர் வரலாற்றைப் பிழைபடக் காண்பர் என்பதே எமது கருத்தாகும்.

‘தொன்’ என்பது தொடக்கத்திற் பெரிய மதுப்பீப்பாயொன்றைக் குறித்த சொல். ஒரு கப்பல் எத்தனை பீப்பாய் கொள்ளுமோ அத்தனை தொன் உடையதாக ஆங்கிலேயர் கணித்தனர். விதைப்பாற் சொல்லப்பட்ட வயலைப் போன்று, கொள்ளளவாற் சொல்லப்பட்ட கப்பல் அது. வணிகம் பெருகித் தீர்வைகள் மிகுந்தபோது, பீப்பாய்களை எண்ணாமலே தொன்னைக் கணிக்கும் சூத்திரம் தேவைப்பட்டது.

1773 ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகையதொரு சூத்திரத்தை நிலைநாட்டியது. நீளத்திலிருந்து அகலத்தின் ஐந்தில் மூன்று பங்கைக் கழித்து, எஞ்சியதை அகலத்தாலும் அகலத்தின் அரைப்பங்காலும் பெருக்கி, 94 ஆல் வகுத்தல் வேண்டும். இதில் ஆழம் அளக்கப்படவில்லை. சரக்கேற்றிய கப்பலின் உள்ளாழத்தை அளத்தல் அரிதாகையால், அது அகலத்தின் அரைவாசி என்றே கொள்ளப்பட்டது.

இதன் விளைவை எமது நாட்டுக் கப்பலொன்றைக் கொண்டு விளக்கலாம். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்டு, அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சனால் வாங்கப்பட்டு, வல்வெட்டித்துறை மாலுமிகளுடன் 1938 ஆகஸ்ட் மாதம் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறையை அடைந்த ‘அன்னபூரணி’ 89 அடி நீளமும் 19 அடி அகலமும் கொண்டதெனக் குறிக்கப்படுகின்றது. சட்டம் நீளத்தை அளக்கத் தனிமுறை வகுத்திருந்தமையால் இவ்வெண்களை எடுத்துக்காட்டாக மட்டுமே கொள்கின்றோம். இவற்றைச் சூத்திரத்தில் இட்டால் ஏறத்தாழ 149 தொன் கிடைக்கும். கிடங்கின் ஆழம் 8 அடியாயினும் 11 அடியாயினும் விடை அதுவே. எனவே, ஆழத்தைக் கூட்டிய உரிமையாளன் தீர்வையின்றிக் கூடுதற் சரக்கை ஏற்றினான். ஒடுங்கி ஆழ்ந்த, கடலில் நிலைதளம்பும் கப்பல்கள் பிரித்தானியாவிற் பெருகின. இலாபம் உரிமையாளனைச் சேர்ந்தது. ஆபத்து மாலுமியைச் சேர்ந்தது.

1835 ஆம் ஆண்டுச் சட்டம் உண்மையான ஆழத்தைச் சில இடங்களில் அளக்கப் பணித்தது. 1854 ஆம் ஆண்டு வணிகக் கப்பற் சட்டம் மூர்சம் வகுத்த முறையை ஏற்று, உட்கனவளவின் 100 கன அடியை ஒரு பதிவுத் தொன்னாக்கியது. அதன்படி, 50 அடிக்கு மேற்பட்டு 120 அடிக்கு மேற்படாத கப்பலின் நீளம் ஆறு சமகூறுகளாக்கப்படும். அதனால் ஏழு குறுக்குவெட்டுகள் அமையும். ஒவ்வொன்றிலும் ஆழம் அளக்கப்படும். நடுப்பகுதி ஆழம் 16 அடிக்கு மேற்படாவிடின் அவ்வாழம் நான்கு கூறாக்கப்பட்டு, ஐந்து மட்டங்களில் அகலம் எடுக்கப்படும். இவ்வகலங்களிலிருந்து பரப்பளவும், பரப்பளவுகளிலிருந்து கனவளவும் கணிக்கப்படும். பெறப்பட்ட எண் கப்பலின் பிரதான விட்டத்திற் பொறிக்கப்படும். இம்முறையில் 8 அடிக் கிடங்கும் 11 அடிக் கிடங்கும் ஒரே எண்ணைப் பெறுதல் இயலாது.

இனி வரலாற்றாசிரியருக்குரிய வினாவை நோக்குவோம். பிரித்தானியர் ஆட்சிக்கால இலங்கைத் துறைமுகக் கணக்குகள் வந்துசென்ற கலங்களைத் தொன்னாலேயே தொகுத்தன. வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய துறைகளின் கப்பலோட்டம் வளர்ந்ததா, தேய்ந்ததா என்பதை அவ்வெண்களைக் கொண்டே ஆராய்கின்றோம். ஆயின் 1830 இன் தொன்னும் 1860 இன் தொன்னும் ஒன்றல்ல. ஒரே தோணி, பலகையொன்றும் மாறாமலே, அளவை மாறியமையாற் பெருகவோ சுருங்கவோ கூடும். அவ்வேறுபாட்டை வணிகத்தின் ஏற்றமென்றோ வீழ்ச்சியென்றோ எழுதுதல் தவறாகும். பதிவுத் தொன் எடையுமன்று. இடத்தின் அளவே அது. நெல்லும் ஓடும் ஒரே இடத்தை நிரப்பினும் ஒரே பாரம் உடையன அல்ல.

1969 ஆம் ஆண்டு இலண்டனில் உருவாகி 1982 இல் நடைமுறைக்கு வந்த சருவதேச உடன்படிக்கை, 24 மீற்றரும் அதற்கு மேலும் நீளமுடைய சருவதேசப் பயணக் கப்பல்களுக்கு மற்றுமொரு கணிப்பை விதித்தது. அதில் மொத்தத் தொன்னளவு அலகற்ற வெறும் எண்ணாகும். எதிர்கால ஆய்வாளரும் இதே இடர்ப்பாட்டை எதிர்கொள்வர்.

ஆகவே, ஏட்டிலுள்ள எண்ணை எடுத்தாளுமுன், அதனை எச்சட்டத்தின்கீழ், எத்தேவைக்காக, யார் அளந்தனர் என வினவுதல் எமது கடமையாகும். கலங்களைக் கட்டிய மேத்திரிமாரும் ஓட்டிய தண்டயல்மாரும் தம் கணக்கைப் பெரும்பாலும் எழுதிவைத்தாரல்லர். அரசின் அளவையே எஞ்சியுள்ளது. அதனை அவர்களது உழைப்பின் அளவாக மயங்குதல் ஆகாது.