பெரியப்பாவின் கணக்கும் கான்பெராவின் மாணவனும்

2019 டிசம்பரில் ரங்கூன் போயிருந்தபோது பெரியப்பா எனக்கு ஒரு வேலை வைத்திருந்தார். அனவ்ரட்டா சாலையில், 1871இல் தமிழர்கள் கட்டிய காளி கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் அவருடைய சின்ன அலுவலகம். வீட்டுப் பெரியவர்களுக்கு அது இன்னும் 'பிரேசர் தெரு'தான். பின் அறையில் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர், அதில் பல வருடக் கணக்குகள். முன் மேசையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் நான் உபுண்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். முன்னால் உட்கார்ந்தே பின்னால் இருக்கும் கணக்கைத் திறக்க வேண்டும்.

நெட்வொர்க்கில் தேடி, பாஸ்வேர்ட் அடித்தால் திறக்கும். மறுநாள் காலை மறுபடியும் தேட வேண்டும். பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"தம்பி, காலையில மெஷினைப் போட்டதும் கணக்கு அங்கேயே இருக்கணும். தினம் போய்த் தேடிக்கிட்டிருக்க முடியாது."

லினக்ஸில் இதற்கு ஒரே ஒரு வரி போதும். 'எஃப்எஸ்டேப்' என்ற சிறிய கோப்பில் அதை எழுத வேண்டும். எதை இணைப்பது, எந்த ஃபோல்டரில் இணைப்பது, எந்த வகை, என்ன நிபந்தனைகள் என்பதெல்லாம் அந்த வரியில் வரும். ஒரு நிமிடத்தில் எழுதிவிடலாம். ஆனால் அந்த வரி வேலை செய்யும் நிலைக்கு வர பல வருடங்கள் ஆயின. அந்தக் கதை உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு வட்டை ஒரு ஃபோல்டரில் கொண்டுவந்து பொருத்தும் 'மவுண்ட்' கட்டளை 1971லேயே யூனிக்ஸில் இருந்தது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது தானாகவே பொருத்திக்கொள்ள ஒரு பட்டியல் வைக்கலாம் என்று 1980இல் பெர்க்லியின் யூனிக்ஸில் எஃப்எஸ்டேப் வந்தது. அப்போது வட்டு என்றால் அதே கம்ப்யூட்டரில் மாட்டியிருப்பது. 1984இல் சன் நிறுவனம் என்எஃப்எஸ் கொண்டுவந்த பிறகு, வேறு கம்ப்யூட்டரில் இருக்கும் வட்டையும் அந்தப் பட்டியலில் சேர்க்க முடிந்தது. ஆனால் அது யூனிக்ஸ்காரர்களின் உலகம். அலுவலக மேசைகளில் இருந்த பிசிக்கள் பேசியது வேறு மொழி. ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கிய அந்த மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. புதிது புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கு முழு இலக்கணம் வெளியே கிடைக்கவில்லை.

1991 டிசம்பர். கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர். தன் டாஸ் பிசியை யூனிக்ஸ் கம்ப்யூட்டரோடு இணைக்க ஆசை. டிஜிட்டல் நிறுவனத்தின் பாத்வொர்க்ஸ் என்ற மென்பொருள் அந்த வேலையைச் செய்தது, ஆனால் உள்ளே என்ன பேசிக்கொள்கிறது என்று சொல்லும் ஆவணம் அவர் கையில் இல்லை. அதனால் கம்பியில் ஓடும் தகவலை ஒட்டுக்கேட்க ஒரு புரோகிராம் எழுதினார். இந்தப் பக்கம் இது கேட்டால் அந்தப் பக்கம் இப்படிப் பதில் வருகிறது என்று பார்த்துப் பார்த்து, அதே பதிலைத் தன் கம்ப்யூட்டரைச் சொல்ல வைத்தார். 1992 ஜனவரியில் முதல் பதிப்பை எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். தான் கற்றுக்கொண்டது எஸ்எம்பி என்பதே அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

இந்த முறையைப் பிற்பாடு அவர் பிரெஞ்சு ஓட்டலுக்கு உவமை சொல்லி விளக்கினார். மொழி தெரியாதவர் ஓட்டலில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னால் என்ன தட்டு வருகிறது என்று கவனித்தே கற்றுக்கொள்வது போல. எனக்கு ரங்கூன் டீக்கடைதான் ஞாபகம் வருகிறது. எங்கள் தாத்தா பர்மியம் கற்றது அங்கேதான், புத்தகத்தில் இல்லை.

பெயர் வந்த கதையும் வேடிக்கை. முதலில் வைத்த பெயரை வேறொரு நிறுவனம் வைத்திருந்ததால், எஸ், எம், பி மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொற்களை அகராதிக் கோப்பில் தேடச் சொன்னார். வந்ததில் ஒன்று 'சாம்பா'. பெரியப்பா காதில் இது சம்பா என்று விழுந்தது. "அரிசியா?" என்றார்.

ஒட்டுக்கேட்டு எத்தனை நாள் ஓட்டுவது? ஐரோப்பிய ஆணையம் 2004இல் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் போட்டு, இந்த விவரங்களை வெளியே கொடுக்கச் சொன்னது. நிறுவனம் மேல்முறையீடு செய்து 2007 செப்டம்பரில் தோற்றது. அந்த டிசம்பரில் 10,000 யூரோ கொடுத்து சாம்பா குழுவுக்காக ஆவணங்கள் வாங்கப்பட்டன. டிரிட்ஜெல் கேட்க ஆரம்பித்து 16 வருடம்.

ஒன்றைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். சாம்பா முக்கியமாகக் கொடுக்கும் பக்கம். எங்கள் முன் மேசை லினக்ஸ் போலக் கேட்கும் பக்கத்துக்கு லினக்ஸ் கருவுக்குள்ளேயே 'சிஃப்ஸ்' என்ற பகுதி இருக்கிறது. அதை எழுதிய ஸ்டீவ் ஃபிரெஞ்சும் சாம்பா குழுவைச் சேர்ந்தவர்தான்.

இனி என் தவறு. வரியை எழுதி, சோதித்து, காலர் தூக்கிக்கொண்டு டீ குடிக்கப் போனேன். மதியம் கரண்ட் போய் வந்தது. முன் கம்ப்யூட்டர் முதலில் எழுந்துவிட்டது. பின்னால் இருந்த விண்டோஸ் இன்னும் எழவில்லை. இணைப்பு ஒரு தடவை முயன்று தோற்றுவிட்டது. கணக்கு ஃபோல்டர் காலி. அலுவலகத்துப் பையன் அதைப் புது ஃபோல்டர் என்று நினைத்து அன்றைய ரசீதுகளை அதிலேயே சேமித்துவிட்டான். மறுநாள் இணைப்பு சரியாக வந்தது, பழைய கணக்கெல்லாம் தெரிந்தது, முந்தின நாள் ரசீதைக் காணோம். பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

அந்த ரசீதுகள் எங்கும் போகவில்லை. வெறும் ஃபோல்டர் மேல் வட்டைப் பொருத்தும்போது அடியில் இருப்பது மறைந்துவிடும், மேசை மேல் விரிப்பு போட்டது போல. இணைப்பைக் கழற்றினேன், ரசீதுகள் இருந்தன. யாரும் எழுதலாம் என்று நான் அந்த ஃபோல்டரைத் திறந்து வைத்திருந்தேன், அதை முதலில் மூடினேன். இனி இணைப்பு இல்லாதபோது அதில் எதுவும் சேமிக்க முடியாது. பிறகு வரியில் 'ஆட்டோமவுண்ட்' நிபந்தனையைச் சேர்த்தேன். அப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் எழும்போது இணைக்காது, யாராவது ஃபோல்டரைத் திறக்கும்போதுதான் இணைக்கும். அப்போது பின் அறை இன்னும் தூங்கினால் பிழை காட்டும், சற்றுப் பொறுத்துத் திறந்தால் வந்துவிடும். 'நோஃபெயில்' என்ற சொல்லையும் போட்டேன், வட்டு கிடைக்காவிட்டாலும் கம்ப்யூட்டர் தன் வேலையைப் பார்க்கட்டும் என்று. பாஸ்வேர்டை வரியில் எழுதாமல் தனிக் கோப்பில் வைத்து, நிர்வாகி மட்டும் படிக்கும்படி பூட்டினேன். எஃப்எஸ்டேப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இதெல்லாம் எதற்கு, கிளவுடில் போட்டுவிடலாமே என்று அப்போது என் தம்பிகள் இரண்டு பேர் கேட்டார்கள். நானும் பாதி அப்படித்தான் நினைத்தேன்.

2021 பிப்ரவரி 1 அதிகாலை ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இணையமும் போனும் பல இடங்களில் நின்றன. பெரியப்பாவுக்கு நான் அனுப்பிய செய்திகள் போய்ச் சேரவில்லை. பிறகு லைன் கிடைத்தபோது, எல்லோரும் நலம் என்று சொல்லிவிட்டு, அவரே ஆரம்பித்தார். அன்றைக்கும் அலுவலகத்தைத் திறந்தாராம், பையன்களுக்குச் சம்பளம் கணக்குப் பார்க்க வேண்டியிருந்ததாம்.

"நெட் இல்லையே பெரியப்பா, எப்படி?"

"நெட் எதுக்கு? கணக்கு பின் ரூம்லதானே இருக்கு. மெஷினைப் போட்டேன், இருந்துச்சு."