பள்ளிக்கூடமும் ரேகைப் பதிவேடும்

கிராமத்துப் பிள்ளைகள் தப்பு வழிக்குப் போகாமல் தடுக்க என்ன செய்யலாம்? விளையாட்டு, தொழிற்பயிற்சி, விடுதி, இளைஞர் மன்றம் என்று பட்டியல் போடுகிறோம், ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த மாதிரி. மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி வட்டாரத்தில் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே அரசாங்கம் இதில் பாதியைச் செய்து பார்த்துவிட்டது. அதுபற்றி எடுத்துவைத்த குறிப்புகளைக் கோர்த்துப் பார்க்கிறேன்.

1920-ல் சென்னை மாகாணத்தில் குழந்தைகள் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே இதுதான் முதல். தவறு செய்த பிள்ளையைப் பெரியவர்களின் சிறையில் தள்ளாமல் தனியாக விசாரித்து, தனிப் பள்ளியில் சேர்க்க வழி செய்தது. ஒரு பிள்ளை ஏதாவது செய்திருக்கணும், இல்லையென்றால் நாதியற்று நிற்கணும். அப்புறம்தான் இந்தச் சட்டம் உள்ளே நுழையும்.

ஆனால் அதே மாகாணத்தில் 1911-ம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டமும் நடப்பில் இருந்தது. அதன்படி, அறிவிக்கப்பட்ட சாதியில் 6 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்கலாம். பிள்ளை என்ன செய்தான் என்ற கேள்வியே கிடையாது. யாருக்குப் பிறந்தான் என்பதே போதும்! ஒரே அரசாங்கம், ஒரே காலம், பிள்ளைகளுக்கு இரண்டு நீதி.

பிரமலைக் கள்ளர்கள் மீது இந்தச் சட்டம் பாய்ந்தபோது, ரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். கள்ளர் சீரமைப்புத் திட்டம் தொடங்கியதும் அந்த ஆண்டுதான். ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம், விடுதி, கூட்டுறவுச் சங்கம், கைத்தொழில், சாரணர் படை. பிள்ளைகளை எங்கோ கொண்டுபோகாமல் ஊருக்குள்ளேயே பள்ளி திறந்ததை நல்ல காரியம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் வீட்டு நிலவரம்? பதிவேட்டில் பேர் ஏறிய அப்பன் ராத்திரி போலீஸ் சொல்கிற இடத்தில்தான் படுக்கணும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கணும். பையன் பகலில் சாரணர் உடுப்பு மாட்டிக்கொண்டு ஒழுக்கம் படிக்கிறான். வளர்ந்தால் அந்தப் பதிவேட்டில் தன் பேரும் ஏறலாம் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? இந்த நிலையில் ஒழுக்கப் பாடத்துக்கு என்ன மரியாதை இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தண்ணீர்க் கதை தனி. 1895-ல் முடிந்த பெரியாறு அணையின் தண்ணீர் மதுரையின் வடக்கு, கிழக்கு வயல்களுக்குப் போனது. உசிலம்பட்டி வானம் பார்த்த பூமியாகவே கிடந்தது. வைகையிலிருந்து தண்ணீர் கொண்டுவர 58 கிராமக் கால்வாய் கேட்டுக் கேட்டு, 2018-ல்தான் சோதனை ஓட்டமாக விட்டார்கள். குற்றத்தைத் தடுக்க மெனக்கெட்டவர்கள் பள்ளியைக் கொண்டுவந்த வேகத்தில் தண்ணீரையும் கொண்டுவந்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும் என்பது என் கணக்கு.

முத்துராமலிங்கத் தேவர், கள்ளர்கள் 'ரோசாப்பூ துரை' என்று கூப்பிட்ட வக்கீல் ஜார்ஜ் ஜோசப் எனப் பலர் போராடினார்கள். 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. பதிவேடு போயிற்று, பள்ளி நின்றது. சந்தேகத்தில் பிறந்த பள்ளியைச் சனங்கள் தங்கள் பள்ளியாக ஆக்கிக்கொண்டார்கள். எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் இந்தப் பள்ளிகள் முந்நூறுக்குப் பக்கமாக இருக்கின்றன. பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கப் போவதாக 2023-ல் அரசு அறிவித்தபோது, இது எங்கள் பொது நிதியிலும் நிலத்திலும் வளர்ந்தது என்று அந்த வட்டாரமே எதிர்த்தது. 'சீரமைப்பு' என்கிற சொல் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வாசல் வழியாக உள்ளே போகும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு யாராவது அதன் அர்த்தத்தைச் சொல்லியிருப்பார்களா?